கீழே எத்தனை பேர்?

பொய் சொல்ல வாய் வேண்டும் என்று யார் சொன்னது? கழுத்து இருந்தால் போதும். சவூதியில், ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் விரிவாக்க சைட்டில், ஏசி உறுமிக்கொண்டிருந்த போர்ட்டா கேபினுக்குள், கிரேன் ஆபரேட்டர் கார்மேகம் தன்னிடம் கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டினான். அதில் ஒருவனுக்கு வேலை போயிற்று, இவனுக்கு வேலை தங்கிற்று.

கேள்வி கேட்டவர் சேஃப்டி ஆபீசர் அனந்தகிருஷ்ணன். கெட்டவர் அல்ல. நடந்த விபத்தை ஒரு ரிப்போர்ட்டுக்குள் அடக்கி மேலே அனுப்பிவிட வேண்டும் என்கிற அவசரம் மட்டும் உள்ளவர். அந்த அவசரத்தில் அவர் கேட்ட கேள்வி, பதிலையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

“மத்தேயோ ரேடியோல அவனோட பாஷையில என்னமோ சொல்லியிருக்கான். அது உங்களுக்குப் புரிஞ்சிருக்க சான்ஸே இல்ல. அப்படித்தானே கார்மேகம்?”

கார்மேகம் ஆமாம் என்று தலையாட்டினான்.

எதிர் நாற்காலியில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு மத்தேயோ உட்கார்ந்திருந்தான். மெக்சிகோக்காரன். கார்மேகத்தின் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்கிறவன். தமிழில் கேட்ட கேள்வி அவனுக்குப் புரியவில்லை. “ஹீ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட் யூ” என்று அனந்தகிருஷ்ணன் சொன்ன பிறகுதான் தலையாட்டல் புரிந்தது. சற்று முன்புதான் அவன் தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்திருந்தான்: “ஐ ஸ்பீக். டூ பெர்சன். கார்மேகம் அண்டர்ஸ்டாண்ட்.” இப்போது அவன் கார்மேகத்தைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் கார்மேகம் தாங்கிக்கொண்டிருப்பான். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். கூடவே நடந்து வந்தவன் திடீரென்று யாரோ போலப் பேசினால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

புரியாமல் என்ன? கார்மேகத்துக்குப் புரிந்தது. அந்த யார்டில் இருந்த எல்லோரையும்விட நன்றாகப் புரிந்தது. அது எப்படி என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தலையாட்டலின் எடை தெரியாது.

கார்மேகத்துக்குச் சங்கரன்கோவில் பக்கம். கிரேன் கேபினில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். அந்த சைட்டுக்குப் பெரிய கிரேன் ஒன்று வந்தபோது, அதைப் பூட்டித் தரக் கூடவே சில மெக்சிகோக்காரர்களும் வந்தார்கள். பூட்டி முடித்ததும் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். மத்தேயோவை மட்டும் கம்பெனி நிறுத்திக்கொண்டது. அவன் மெக்சிகோவின் தெற்கே, எண்ணெய்க் கிணறுகளில் இதே மாதிரி கிரேன்களுக்குக் கீழே நின்று பழகியவன். அவனுடைய ஊர் அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளி, சியாபாஸ் மலைக்காட்டில். வீட்டில் பேசியது ச்சோல் என்கிற மாயன் மொழி. ஸ்பானிஷே அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததுதான். ஆங்கிலம் ஏதோ ஒட்டும் ஒட்டாமலும். யார்டில் எல்லோரையும் இணைக்கிற ஹிந்தியோ சுத்தமாகக் கிடையாது.

ரேடியோவில் அவன் எண்ணும்போதுதான் முதலில் எல்லோரும் குழம்பினார்கள். மூன்று என்று சும்மா சொல்ல அவன் வாய்க்கு வராது. மூன்று குழாய் என்றால் ‘உஷ் சிட்’. மூன்று தகடு என்றால் ‘உஷ் கெஹ்’. மூன்று ஆள் என்றால் ‘உஷ் டிக்கில்’. ஆடு மாடு என்றால் அதற்கு வேறொன்று. எதிலும் சேராத சாமானுக்கு இன்னொன்று. நீளமா, தட்டையா, உயிருள்ளதா, மனுஷனா என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எண்ணே வெளியே வரும்.

நாமும் வாழைப்பழத்தைச் சீப்பு என்கிறோம், வெற்றிலையைக் கவுளி என்கிறோம், சலவைக்குப் போடுகிற துணியை உருப்படி என்கிறோம். ஆனால் நமக்கு அது ஒரு வசதி. வேண்டாமென்றால் மூணு, நாலு என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மத்தேயோவுக்கு அந்தச் சலுகை இல்லை. பார்க்காமல் அவனால் எண்ண முடியாது. எண்ணிக்கை ஐந்தாறைத் தாண்டிவிட்டால் ஸ்பானிஷ் எண்ணுக்கு மாறிவிடுவான். எண்ணுக்குப் பின்னால் ஒட்டுகிற இந்த வால் அதற்குக் கிடையாது. அந்த வாலில்லாத எண்களைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் சோம்பலாக இருக்கும்.

முதலில் கிண்டலாகத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அது வசதியாகப் போயிற்று. ‘உஷ் சிட்’ என்றால் எடுக்க வேண்டியது குழாய் என்று மேலே கேபினில் இருக்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறதே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மேலப்பாளையம் முகம்மது சித்தீக் மெஸ்ஸில் தட்டை நீட்டி, “பாய், சப்பாத்தி உஷ் கெஹ்” என்பான். பரிமாறுகிற பெங்காலியும் மூன்று சப்பாத்தி வைப்பான். இப்படி ஓர் உலகமகா மொழி அந்த யார்டில் ஓடிக்கொண்டிருந்தது, எந்த ஆபீசருக்கும் தெரியாமல்.

கிண்டலின் தலைவன் கார்மேகம்தான். மத்தேயோ ஆடுமாடுகளுக்குச் சொல்கிற வால், காதில் ‘கோட்டி’ என்று விழும். கோட்டி என்றால் பைத்தியம் என்று அர்த்தம் வைத்திருக்கிற திருநெல்வேலிச் சீமைக்காரன் அதைச் சும்மா விடுவானா? ஒருநாள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, கார்மேகம் மேலே இருந்தபடி ரேடியோவில், “ஏய், ஒரு அஞ்சு கோட்டி இறங்குது பாருங்கவே” என்றான். யார்டே சிரித்தது. மத்தேயோ சிரிக்கவில்லை. கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, அவ்வளவு உயர ஏணியில் ஏறி கேபின் வாசலுக்கு வந்து நின்றான். மூச்சு வாங்கியது. கீழே பெட்டியோடு நின்றவர்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி, “டிக்கில். டிக்கில். டிக்கில்” என்றான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “டிக்கில்.” பிறகு கார்மேகத்தின் நெஞ்சைத் தொட்டு, “டிக்கில்.” அப்புறம் கார்மேகத்தின் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு கப் டீயை ஊற்றிக் குடித்துவிட்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு கார்மேகம் அந்த விளையாட்டை விட்டுவிட்டான். விட்டதோடு இல்லை, இரண்டு பேருக்கும் இடையே ஒரு பழக்கம் உண்டாயிற்று. எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாத பழக்கம். சாமானைத் தூக்கித் திருப்புவதற்கு முன்னால் கார்மேகம் ரேடியோவில் கேட்பான்: “ஹய் டிக்கில்?” கீழே எத்தனை பேர்? மத்தேயோ நாலாபக்கமும் பார்த்து எண்ணிச் சொல்வான். ஒருவனாவது இருந்தால் கிரேன் அசையாது. ஒருவரும் இல்லை என்றால் “மாஅன்” என்பான். அதன் பிறகுதான் கார்மேகம் லீவரைத் தொடுவான். மற்ற கிரேன்களில் கையைக் காலை நசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. இவர்களுடையதில் ஒரு விரல் நகம்கூடப் போனதில்லை. கார்மேகத்துக்கு அதில் கர்வம்.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே மணற்காற்று. தரை தெரியவில்லை, கேபின் கண்ணாடியில் மணல் அடித்துக்கொண்டே இருந்தது. இப்படிக் காற்றடிக்கும்போது தூக்கக் கூடாதுதான். ஆனால் ஒரே ஒரு குழாய் மிச்சம் இருந்தது, அதைக் கட்டையில் இறக்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். இன்ஜினியர் ரேடியோவில் “யல்லா, ஜல்தி, ஜல்தி” என்று அரபியிலும் ஹிந்தியிலும் அவசரப்படுத்திப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கார்மேகம் கேட்டான்: “ஹய் டிக்கில்?”

“ச்சா டிக்கில்” என்றான் மத்தேயோ. இரண்டு பேர்.

கார்மேகம் காத்திருந்தான். அந்த இரண்டு பேரும் குழாய் உட்காரப் போகிற கட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து அரியரத்தினம், இன்னொருவன் ஒரு நேபாளி. கார்மேகம் மறுபடி கேட்டான். மறுபடியும் அதே பதில். “யல்லா” என்றார் இன்ஜினியர். கார்மேகத்துக்கு எரிச்சலாக வந்தது. குழாய் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? வரும்போது நகர்ந்துவிடுவார்கள். எப்போதும் நகர்ந்துவிடுகிறார்கள்.

அப்படி நினைத்துக்கொண்டு கிரேனைத் திருப்பினான்.

பாதி வழியில் காற்று குழாயைப் பிடித்துக்கொண்டது. ரேடியோவில் மத்தேயோவின் குரல் கிழிந்தது. “ச்சா டிக்கில்! ச்சா டிக்கில்!” நேபாளி தாவிவிட்டான். அரியரத்தினத்தின் வலது கால், முழங்காலுக்குக் கீழே, குழாய்க்கும் கட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

கார்மேகம் வேண்டுமென்று செய்தானா என்றால், இல்லை. தெரியாமல் செய்தானா என்றால், அதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. மனிதர்கள் செய்கிற பாதிக் காரியம் அங்கே நின்றுகொண்டு செய்வதுதான். ஆனால் விசாரணை என்று வந்துவிட்டால் அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. கேட்டதா, கேட்கவில்லையா? புரிந்ததா, புரியவில்லையா? புரிந்தது என்றால் ஆபரேட்டர் லைசென்ஸ் போகும், எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்புவார்கள், திரும்ப இந்தப் பக்கம் கிரேன் சீட்டில் உட்கார முடியாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. கார்மேகம் தலையாட்டிவிட்டான்.

ரிப்போர்ட் முடிந்தது. அனுமதிக்கப்படாத மொழியில் சிக்னல் கொடுத்ததால் விபத்து. மத்தேயோவுக்கு எக்ஸிட். இனி ரேடியோவில் ஆங்கிலம், ஹிந்தி தவிர வேறு எந்த மொழியும் பேசக் கூடாது என்று சர்க்குலர் ஒட்டினார்கள்.

டிக்கெட் வருகிறவரை மத்தேயோ கேம்ப்பிலேயே இருந்தான், வேலை இல்லாமல். மெஸ்ஸில் எல்லோரும் அவனைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டார்கள். அந்த வார்த்தைகளை யாரும் இப்போது சொல்வதில்லை. மத்தேயோவும் சொல்லவில்லை. தட்டை நீட்டி விரலைக் காட்டினான், மூன்று விரல். பெங்காலி மூன்று சப்பாத்தி வைத்தான். கார்மேகத்துக்கு அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை. அவன் வாயை அடைத்தது தான்தான் என்று தெரிந்தது. சோறு இறங்காமல் எழுந்து போய்க் கை கழுவினான்.

ரூமில் சித்தீக் மெதுவாக ஆரம்பித்தான்.

“வே, நீரு அன்னைக்குக் கேட்டீரா, கேக்கலியா?”

“எதை?”

“நடிக்காதயும். யார்டு முழுக்க அந்தப் பேச்சைப் பரப்புனதே நீருதான்.”

“கேட்டுதுன்னே வச்சுக்கயேன். இப்ப என்ன செய்யணுங்கிறே? நான் மூட்டையக் கட்டணுமா?”

சித்தீக் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவனுக்கும் அந்த வார்த்தைகள் தெரியும், யார்டில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் போய்ச் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி வேலையைத் தொலைக்க யார்தான் வருவார்கள்? கார்மேகத்துக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தன் ஒருவனுடைய பொய்க்கு இத்தனை பேரைக் காவல் நிறுத்திவிட்டோமே என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனான். போகாமல் இருக்கவும் முடியவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனான். அரியரத்தினத்தின் காலில் உள்ளே தகடும் வெளியே கம்பியுமாக இருந்தது. நடக்கலாம், ஆனால் தடியோடுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவகச்சேரிக்காரர், ஊரில் சண்டை மறுபடி மூண்டிருந்த நேரம். இந்தக் காலோடு அங்கே போய் எப்படி ஓடுவது என்று சொல்லி அவரே சிரித்தார்.

கார்மேகம் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தான்.

“மத்தேயோவை அனுப்பீனமாம், உண்மையோ?” என்று அரியரத்தினம் கேட்டார்.

“ஆமாண்ணே.”

“அவர் ‘ச்சா டிக்கில்’ எண்டு சொன்னது பக்கத்தில நிண்ட எனக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்கேல்லையோ தம்பி?”

உரித்த பழம் கையில் பிசுபிசுத்தது. கார்மேகம் தலையை ஆட்டவில்லை. இந்த முறை கழுத்து ஒத்துழைக்கவில்லை.

“காத்து அடிச்சது, பைப் வந்தது. என்ரை காலுக்கு நான் ஒருத்தரிலயும் குற்றம் சொல்லேல்லை. நாங்களும் விலத்தி நிண்டிருக்கலாம்” என்றார் அவர். “ஆனா அந்தப் புழுதிக்குள்ள எங்களை எண்ணினது அவர் ஒருத்தர்தான். எண்ணினவரையே பிடிச்சு அனுப்பினா, இனி ஆர் எண்ணுவினம்?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கார்மேகம் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றான். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டான். நான் கேட்டேன், எனக்குப் புரிந்தது, நான்தான் திருப்பினேன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அனந்தகிருஷ்ணனின் கேபினுக்குப் போனான். அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அதுவே கார்மேகத்தைப் பாதி தளர்த்திவிட்டது.

“சார், அன்னைக்கு மத்தேயோ சொன்னது...”

“கார்மேகம்,” அவர் கையை உயர்த்தினார். “ரிப்போர்ட் கிளையன்ட்டுக்குப் போயாச்சு. நீங்க இப்ப ஏதாவது சொன்னீங்கன்னா என்ன ஆகும்? இப்ப ஒரு எக்ஸிட். அப்புறம் ரெண்டா ஆகும். எனக்கும் சேத்து மூணாகூட ஆகும். சிக்னல்மேன் நாளைக்கே கிடைப்பான். உங்கள மாதிரி ஆபரேட்டர் கிடைக்க மாட்டான்.”

“இல்ல சார், அவன் சொன்னது எனக்கு...”

“நீங்க ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணும் கேக்கல. டீய குடிங்க, ஆறிடப் போகுது.”

கார்மேகம் டீயைக் குடித்தான். வெளியே வந்தபோது உடம்பு லேசாகிவிட்டிருந்தது. நான் சொல்லத்தானே போனேன், அவர்தானே தடுத்தார்? அன்று மதியம் மெஸ்ஸில் நன்றாகச் சாப்பிட்டான், மீன் குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான். தட்டைக் கழுவும்போதுதான் மத்தேயோ அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். நிம்மதியாகச் சாப்பிட்டோம் என்பது அப்போது உறைத்தது. தன்னைப் பற்றி அவ்வளவு கேவலமாக அவன் அதுவரை நினைத்ததில்லை. பொய் சொன்ன நாளில்கூட இல்லை.

மத்தேயோ கிளம்புகிற நாளும் வந்தது. யார்டுக்கு வந்து ஹெல்மெட், பெல்ட், ரேடியோ எல்லாவற்றையும் கேட் பக்கத்தில் இருக்கிற ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். தம்மாம் ஏர்போர்ட்டுக்குப் போகிற வேன் கேட்டில் நின்றது. அவனுடைய பையை டிரைவர் ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டான். அன்று காற்று இல்லை, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கேபினிலிருந்து கார்மேகத்துக்குக் கேட் பக்கம் முழுக்கத் தெரிந்தது. ஸ்டோர்கீப்பர் கலீலுர் ரஹ்மான், ரேடியோ வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஆன் செய்து மத்தேயோவின் கையில் கொடுப்பதுகூடத் தெரிந்தது.

கொக்கியில் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. புது சிக்னல்மேன் மணிமாறன், விழுப்புரத்துக்காரன், சுறுசுறுப்பானவன். “கிளியர்ண்ணே. தூக்குங்க, தூக்குங்க.”

இந்த ‘கிளியர்’ என்கிற வார்த்தையைக் கார்மேகம் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நல்ல ஆங்கில வார்த்தை. சர்க்குலரில் அனுமதித்த வார்த்தை. ஆனால் அதைச் சொல்ல யாரையும் பார்க்க வேண்டியதில்லை, எண்ண வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம்.

அவன் விரல் ரேடியோ பட்டனை அழுத்தியது. யோசித்துச் செய்யவில்லை.

“ஹய் டிக்கில்?”

மணிமாறன், “என்னண்ணே? கிளியர்னு சொன்னனே. தூக்குங்க” என்றான். கார்மேகத்துக்கு முகம் சுட்டது. யாரிடம் கேட்கிறோம்? கேட்கிற தகுதி எங்கே இருக்கிறது? லீவரில் கையை வைத்தான்.

“ஹுன் டிக்கில்.”

மத்தேயோவின் குரல். ஒருவர்.

கார்மேகத்தின் கை லீவரை விட்டது. கேட் பக்கம் பார்த்தான். மத்தேயோ ரேடியோவை வாயருகே பிடித்தபடி குழாய்க்கு அடியில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கேபினிலிருந்து அந்த இடம் மறைந்திருந்தது. “ஹுன் டிக்கில்” என்று மறுபடி சொன்னான், அதே நிதானத்தோடு.

“மணிமாறா,” என்றான் கார்மேகம், “நீ எங்கடே நிக்க?”

பதில் வந்தபோது குரல் மாறியிருந்தது. “லோடுக்குக் கீழதாண்ணே நிக்கிறேன்.”

எல்லோரையும் விலக்கிவிட்டு, தன்னை எண்ண மறந்திருந்தான். அவன் வேகமாக வெளியே நடந்து வருவது தெரிந்தது. “மாஅன்” என்றது மத்தேயோவின் குரல்.

பதில் சொல்ல வேண்டிய அவசியம் மத்தேயோவுக்கு இல்லை. ரேடியோவைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறியிருக்கலாம். கேட்டது யார் என்று தெரிந்தும் சொன்னான்.

“சேனல்ல யாரது?” அனந்தகிருஷ்ணனின் குரல் ஆங்கிலத்தில் பாய்ந்தது. “கார்மேகம், என்ன நடக்குது? அவன் என்ன சொன்னான்?”

“கீழ ஒரு ஆளு நிக்கான்னு சொன்னான் சார்.”

“அது உங்களுக்கு எப்படி...” என்று தமிழில் ஆரம்பித்து அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியும் பயனில்லை. இது அவருடைய கேபின் அல்ல, டீயும் இல்லை. திறந்த சேனல். யார்டிலுள்ள அத்தனை ரேடியோவிலும், இன்ஜினியர் கையிலும், கிளையன்ட் கம்பெனியின் மேலதிகாரியான ஓர் அமெரிக்கனின் இடுப்பிலும் அந்தப் பாதிக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது.

‘ஒண்ணுமில்ல சார்’ என்று கார்மேகம் சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தான் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவன் அந்த வேனில் போய்விடுவான் என்பது மட்டும் அப்போது தெளிவாகத் தெரிந்தது. பட்டனை அழுத்தினான். சர்க்குலரில் சொல்லியிருந்தபடி, எல்லோருக்கும் புரிகிற மொழியில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான்.

“சார், தட் டே ஆல்சோ ஹீ டெல். டூ மேன் டவுன். டூ டைம் ஹீ டெல். ஐ அண்டர்ஸ்டாண்ட். மத்தேயோ குட் சிக்னல். ஐ ஸ்விங். மை மிஸ்டேக்.”

கார்மேகம் குழாயை மெதுவாகக் கட்டையில் இறக்கினான். அவன் இறக்கியதிலேயே அழகான இறக்கம் அதுதான், பார்க்கத்தான் யாருக்கும் மனசில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஏணியில் இறங்கினான். ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு சித்தீக் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் கார்மேகம் திரும்பவில்லை.

கேட்டுக்குப் போய், வேனிலிருந்து மத்தேயோவின் பையை எடுத்துக் கீழே வைத்தான். “அரே பாய், டைம் ஆகயா” என்று டிரைவர் கத்தினான். கார்மேகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும், எந்த மொழியில் கேட்பது? மத்தேயோவின் மொழியில் அவனுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். கும்பிட்டான். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

மத்தேயோ சிரிக்கவும் இல்லை, கைகொடுக்கவும் இல்லை. பையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். ரேடியோ இன்னும் அவன் கையில்தான் இருந்தது. கலீலுர் ரஹ்மான் வாங்கிக்கொள்ள நீட்டியிருந்த கையை மெதுவாகக் கீழே விட்டார். கார்மேகம் பக்கத்தில் வெயிலில் நின்றான். தூரத்தில் ஆபீஸ் பக்கமிருந்து ஒரு பிக்கப் கிளம்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

ரேடியோவில் அந்த அமெரிக்கனின் குரல். கேட்டில் கிரேன் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள், இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்றது.

மத்தேயோ தலையை நிமிர்த்தி கார்மேகத்தைப் பார்த்தான். வழக்கம்போல, பார்த்த பிறகுதான் எண்ணினான். பட்டனை அழுத்தினான்.

“ச்சா டிக்கில்” என்றான்.

கார்மேகத்துக்கு அது புரிந்தது.